பரிதோஷ் மாஸ்டரின் சத்துமாவு

அம்மாவின் சாப்பாட்டை இனி தானே பார்த்துக்கொள்ளப் போவதாகப் பரிதோஷ் மாஸ்டர் பிரகடனம் செய்தபோது அவர் வாயில் ரோகு மீனின் தலை இருந்தது. அதனால் பிரகடனத்தில் பாதி யாருக்கும் புரியவில்லை. மென்று முடித்து, விரலைச் சப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"சுலேகா, நாளையிலேருந்து அம்மாவுக்கு என்ன, எப்போ, எவ்வளவுன்னு நான்தான் தீர்மானிப்பேன்."

"ரொம்ப நல்லதுங்க," என்றாள் அவர் மனைவி. "ஊட்டறது?"

"அது நீ."

"துடைக்கறது, திருப்பிப் படுக்க வைக்கறது, புண்ணுக்கு மருந்து போடறது?"

"அதெல்லாம் வேலை. நான் சொல்றது கொள்கை."

கொள்கைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள் சுலேகா.

மாஸ்டரையும் குறை சொல்ல முடியாது. சந்தன்நகர் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்று இரண்டே மாதம். கையில் அதிகாரம் அப்படியே இருந்தது, செலுத்தத்தான் வகுப்பு இல்லை. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு மாணவி. எண்பத்து மூன்று வயது நிருபமா தேவி, அவருடைய அம்மா. துர்கா பூஜை சமயத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர், பிறகு கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டில் இரண்டு வாய் வாங்குவார். மூன்றாவது வாய்க்கு உதட்டைப் பூட்டிக்கொள்வார். நாளுக்கு நாள் கரைந்துகொண்டே போனார். முதுகின் அடியில் வந்த படுக்கைப்புண் ஆறுவதாக இல்லை.

போன வாரம் வந்த டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். "களிம்பு போட்டு இது ஆறாது மாஸ்டர். புண் ஆறணும்னா உள்ளேருந்து சதை வளரணும். முட்டை குடுங்க, மீன் குடுங்க. இப்படியே இளைச்சா அடுத்த பூஜைக்கு அம்மா இருக்கமாட்டாங்க."

"மீனா? எங்க அம்மாவுக்கா?" மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்பா போய் முப்பத்தொரு வருஷம் ஆச்சு டாக்டர். மீன் தொட்டதில்லை, முட்டை தொட்டதில்லை, வெங்காயம் தொட்டதில்லை. அசைவத்துல சேர்க்கற மசூர் பருப்பைக்கூடத் தொட்டதில்லை. அவங்க விரதம் என் வீட்டுல கலையாது."

அந்த விரதத்தில் அவருக்கு அத்தனை பெருமை. தெருவில் வேறு யார் அம்மாவும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்பார். அம்மாவுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், சாப்பிட ஒரு கல் கிண்ணம். மகனுக்கு மட்டும் இரண்டு வேளையும் மீன் இல்லாமல் சோறு இறங்காது. அம்மா விரதம் காத்தார், மகன் அதற்குக் காவல் காத்தார், காவல்காரருக்கு சுலேகா மீன் பொரித்தாள்.

மறுநாள் கல்கத்தா போய் ஒரு பெரிய டப்பா சத்துமாவு வாங்கிவந்தார் மாஸ்டர். டப்பாவின் மேல் ஒரு வாலிபன் சட்டையில்லாமல் புஜத்தை மடக்கிக் காட்டிக்கொண்டு நின்றான்.

"யார்டா கோகா இந்தப் பையன்?" என்று கேட்டார் அம்மா. அறுபது வயதிலும் அவருக்கு மாஸ்டர் 'கோகா', சின்னப் பையன்தான். "சட்டை போட்டுவிட ஆளில்லையா?"

"இது சத்துமாவு மா. சுத்த சைவம். தினமும் ரெண்டு வேளை பால்ல கலந்து குடிக்கணும்."

அம்மா ஒரு வாய் குடித்தார். பிறகு அந்த வாலிபனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் எடை பார்ப்பதென்று முடிவாயிற்று. அம்மாவால் நிற்க முடியாது. ஆகவே மாஸ்டர் அம்மாவைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறுவார். சுலேகா குனிந்து எண்ணைப் படிப்பாள். அதில் மாஸ்டரின் எடையைக் கழித்தால் அம்மா. மாஸ்டரின் எடை அறுபத்தெட்டு கிலோ. முப்பது வருஷமாக அறுபத்தெட்டு, அது மாறாது என்பதும் ஒரு கொள்கை. முதல் ஞாயிறு அம்மா முப்பத்து நான்கு கிலோ. இவ்வளவுதானா அம்மா என்றிருந்தது அவருக்கு. இறங்கியபிறகும் கொஞ்ச நேரம் கீழே விட மனசில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு முப்பத்து மூன்று. அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். முப்பத்தைந்து, முப்பத்தேழு, நாற்பது! கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. புண்ணின் ஓரம் சிவந்து, சுருங்கி, மூடிக்கொண்டு வந்தது. டாக்டரே வியந்தார்.

மாஸ்டரைப் பிடிக்க முடியவில்லை. ஓய்வுபெற்றோர் சங்கத்தில் 'முதியோர் உணவு: என் அனுபவம்' என்று முக்கால் மணி நேரம் பேசினார். சுவரில் அம்மாவின் எடை வரைபடத்தை மாட்டி, குச்சியால் காட்டிப் பேசினார். மீன் இல்லாமல் சத்து இல்லை என்பது வங்காளிகளின் மூடநம்பிக்கை என்று மேஜையைத் தட்டினார். மூன்று பேர் தூங்கினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுலேகா மட்டும் கடைசிவரை கைதட்டினாள்.

இந்த வெற்றிக்கு நடுவே ஒரே ஒரு தொல்லை. குளியலறைக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் ஒழுகியது. காலையில் பல் தேய்க்கும்போதெல்லாம் 'தொளக்' என்று ஒரு சத்தம்.

"குழாய் ஒழுகுது சுலேகா."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உங்களுக்கு வயசாயிடுச்சுங்க."

குழாய்க்காரன் இரண்டு தடவை வந்தான். வாஷரை மாற்றினான், குழாயை மாற்றினான். தொளக் மட்டும் மாறவில்லை. கடைசியில், ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தாமே துப்புத் துலக்குவதென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார் மாஸ்டர். குளியலறைக்குப் பின்னால் மூடிபோட்ட ஒரு மண்பானை இருந்தது. மூடியைத் தூக்கினார். உள்ளே கறுப்பாகத் தண்ணீர். அடியில் விரிசல் இருக்கிறதா பார்ப்போம் என்று முழங்கைவரை கையை விட்டார்.

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன.

சுலேகா ஓடிவந்தாள். மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தார். "பாம்பு! பானைக்குள்ள பாம்பு!"

"பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. சிங்கி மீன். ரெண்டு பக்கமும் முள்ளு இருக்கும். அதுமேல போய்க் கையை வச்சா குத்தாம கொஞ்சுமா? வாங்க, வெந்நீர்ல கையை வைங்க."

சிங்கி! தேளி மீன். காய்ச்சலில் விழுந்தவர்களுக்கும் பிரசவித்தவர்களுக்கும் வங்காளத்தில் குழம்பு வைத்துக் கொடுக்கிற மீன். உயிரோடு வாங்கி, பானையில் விட்டு, தினம் ஒன்றாக எடுத்துச் சமைப்பார்கள். மாஸ்டருக்கு வலியையும் மீறிச் சந்தேகம் வந்தது.

"நான் சிங்கி சாப்பிடறதில்லை. நீயும் சாப்பிடறதில்லை. இந்த வீட்டுல யாருக்குடி சிங்கி?"

சுலேகா பதில் சொல்வதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. போன மாதம்வரை பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரல், இப்போது மழையைத் தாண்டிக் கேட்டது.

"பௌமா! மீன் தப்பிச்சுடுச்சா?"

மாமியார்கள் மருமகளைக் கூப்பிடுகிற சாதாரண 'பௌமா'தான் அது. ஆனால் சுலேகா கையிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "அம்மா இன்னிக்குத்தாங்க மீன்ங்கற வார்த்தையை வாயால சொல்றாங்க," என்றாள் மெதுவாக.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நாலு மாசமா. டாக்டர் சொன்ன ரெண்டாவது வாரத்துலேருந்து."

"அப்ப என் சத்துமாவு?"

"வீணாக்குவேனா? தினமும் சாயந்தரம் உங்க பால்ல கலந்துட்டேன். விருப்பமாத்தானே குடிச்சீங்க? இன்னும் ஒரு டம்ளர்னுகூடக் கேட்டீங்க."

மாஸ்டர் நேரே போய் எடை மெஷினில் தனியாக ஏறினார். எழுபத்திரண்டு. சங்கத்தில் அவர் குச்சியால் காட்டிய ஏற்றத்தில் பாதிக்குமேல் அவருடைய சொந்தத் தொப்பை.

கோபம் வரவேண்டிய இடம். வந்தது. "அம்மாவை ஏமாத்தி மீன் ஊட்டியிருக்கியே, பாவம் இல்லையா?" என்று அவர் கத்த ஆரம்பித்தார்.

"ஏமாத்தலைங்க." சுலேகா அவர் கையை இழுத்து வெந்நீரில் வைத்தாள். "முதல் நாள் சோத்துல சிங்கிக் குழம்பைப் பிசைஞ்சு கல் கிண்ணத்துலயே வச்சேன். ஒரு வாய் வாங்கினாங்க. என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நான் ஜன்னலைப் பாத்தேன். அப்புறம் தானா வாயைத் திறந்தாங்க. கிண்ணம் காலி. அன்னிலேருந்து அவங்களும் சொல்லல, நானும் சொல்லல."

மாஸ்டர் வெந்நீரில் கையைப் புரட்டினார்.

"மாமாவோட காரியம் முடிஞ்சு, துக்கம் கழிச்சு எல்லாரும் மறுபடி மீன் சாப்பிட்டோமே, ஞாபகம் இருக்கா? நான் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகல. நான்தான் பரிமாறினேன்."

ஞாபகம் இருந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இப்போதைய சுலேகாவைவிடச் சின்னவர். வெள்ளைப் புடவையில் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு அத்தை, "நிருபமாவுக்கு?" என்று இழுத்தபோது, வாயில் மீனோடு பரிதோஷ்தான் முந்திக்கொண்டு சொன்னார்: "அம்மா இனிமே தொடமாட்டாங்க." எல்லோரும் அவரைப் பார்த்து மெச்சினார்கள். அம்மாவை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"உங்க தட்டையே பாத்துட்டிருந்தாங்க," என்றாள் சுலேகா. "நான் கவனிச்சேன். புது மருமக, வாயைத் திறக்க பயம். அப்புறம் பழகிப் போச்சு. எனக்கும் மீன் வைக்க முப்பத்தொரு வருஷம் ஆயிடுச்சுங்க. நான் மட்டும் யோக்கியமா?"

கையில் முள் குத்திய வலி குறைந்துகொண்டு வந்தது. மற்றது குறையவில்லை. தினமும் இரண்டு வேளை, முப்பத்தொரு வருஷம். அம்மாவின் மூக்குக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து எத்தனை மீன் தின்றிருப்பார்! எண்ணிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு குடைகூட எடுக்காமல் மார்க்கெட்டுக்கு நடந்தார்.

ஒரு மணி நேரத்தில் தொப்பலாக நனைந்து, கையில் ஒரு பெரிய இலிஷ் மீனோடு திரும்பினார். மழைக்காலத்தில் ஆற்றில் ஏறிவந்த மீன், வெள்ளி மாதிரி மின்னியது. அம்மாவின் கட்டிலருகே போய் மண்டியிட்டார். முப்பத்தொரு வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டுவிடுவது என்ற தீர்மானத்தோடு வந்திருந்தார்.

"மா, என்னை மன்னிச்சுடு. அன்னிக்கு நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கல. இப்ப கேக்கறேன். இலிஷ் சாப்பிடறியா மா?"

அம்மா மீனைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அம்மாவின் முகம் இறுகியது.

"வேண்டாம்டா கோகா. உங்கப்பா போனப்புறம் எனக்கெதுக்கு அதெல்லாம்?"

மாஸ்டர் தளர்ந்துபோய் சமையலறைக்கு வந்தார். "வேண்டாங்கறாங்க சுலேகா. நான் காலம் கடந்து கேட்டுட்டேன்."

சுலேகா மீனை வாங்கிக்கொண்டு அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். கடுகு அரைத்தாள், பச்சைமிளகாய் ஒன்றே ஒன்று கீறிப் போட்டாள். மத்தியானம் அந்த வாசனை வீட்டை நிறைத்தது. கல் கிண்ணத்தில் குழையப் பிசைந்த சோற்றோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்து, எதுவும் பேசாமல், ஒரு கவளத்தை முள் இருக்கிறதா என்று விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்து நீட்டினாள். அம்மா வாயைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மென்றார். மூன்றாவது வாய்க்கும் திறந்தார், நான்காவதுக்கும் திறந்தார்.

ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டருக்குத் தாங்கவில்லை. "மா! நான் கேட்டப்ப வேண்டாம்னியே?"

"நீ கேட்டா உங்கப்பா பொண்டாட்டிதானேடா பதில் சொல்லணும்? அவ வேண்டாம்னுதான் சொல்லுவா. பௌமா கேக்கமாட்டா. வச்சிட்டு வேற பக்கம் பாப்பா."

"அப்ப நான் என்னதான் மா பண்ணணும்?"

அம்மா அடுத்த வாய்க்குத் தயாராகிக்கொண்டே சொன்னார்: "ஜன்னலை விட்டுத் தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கற, அவளுக்கு முள்ளு தெரியல."