அந்தோணி அண்ணன் நிறத்துக்கு ஒரு புரொஜெக்டர்

நம் நாட்டுக் கார்கள் கதவு ஒரு நிறமும் பம்பர் ஒரு நிறமுமாக ரோட்டுக்கு வராமல் இருப்பதற்கு ஒரே காரணம் ஷேடுதான். இதைச் சொன்னதும் ஷேடுதான்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் நிறம் சரிபார்ப்பது அவன் வேலை. மாஸ்டர் பீஸ் என்று ஒரு மாதிரித் தகடு இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்துப்போகாத பாகத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவான். ஷிப்ட் முடிந்தாலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. "நேத்து டீ இந்த ஷேடு இல்லியே மாஸ்டர்" என்று டீக்கடையில் கிளாஸைத் திருப்பிக் கொடுப்பான். நான் ஆசையாக எடுத்த பேண்ட், சட்டையை வெயிலில் விரித்து, "ரெண்டுமே பிஸ்கட் கலருதான். ஆனா ஒரே கம்பெனி பிஸ்கட் இல்ல" என்றான். மாடியில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். அவனைச் சொந்தப் பெயர் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

கீழே ஸ்டெல்லா அக்காவின் மெஸ். எங்களுக்கெல்லாம் பரிமாறிய அவர் கணவர் அந்தோணி அண்ணன், திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். ஸ்டூடியோக்காரர் அவர் படத்துக்குக் கோட்டு மாட்டி, ரோஸ் நிறத்துக்கு வெளுக்கவைத்துச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அக்கா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

"யாரோ பேங்க் மேனேஜர் மாரி கீறாரு. கண்ண மூடுனா இப்பல்லாம் இந்த மூஞ்சிதான் வருது. அவரு மூஞ்சியே மறந்துடுமோன்னு பயமா கீதுப்பா."

எங்கள் போன்களில் கிடந்த அண்ணன் படங்களை, முதல் வருஷ ஜெபத்தன்று எல்லோரும் பார்க்கப் பெரிதாகப் போட்டுக் காட்டச் சொன்னார். வாடகைக்குப் புரொஜெக்டர் எடுக்கும் பொறுப்பை ஷேடு வாங்கிக்கொண்டான். அங்கே பிடித்தது எனக்குச் சனி.

முதல் கடையில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். "பட்டப்பகல்லயே படம் தெரியும் சார்" என்றார் கடைக்காரர். ஷேடு அண்ணன் படத்தைப் போட்டுப் பார்த்தான். "மூஞ்சி பச்சையா கீது. வாணாம்." இரண்டாவது கடையில் அண்ணன் சாம்பல் பூசியவர் போல வெளுத்துவிட்டார். "சினிமா ஓட்டுனா தெரியாதுண்ணா. போட்டோன்னா எல்லாரும் உத்துப் பாப்பாங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

நான் தென்காசிக்காரன், கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். "ஏல, ஆளு போயி ஒரு வருசம் ஆச்சு. அவரு நெறத்த எத வச்சுல ஒத்துப் பாக்கே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"கரெக்டு. மாஸ்டர் பீஸ் வேணும்" என்றவன், நேரே பிள்ளைப்பாக்கம் போய் அண்ணனின் தம்பி சேவியரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். அண்ணனும் தம்பியும் நிறத்தில் அச்சு அசல். பாவம், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மனுஷன். அவரைக் கடை கடையாகத் திரைக்குப் பக்கத்தில், வெளிச்சம் மேலே விழாமல் நிறுத்தி, சட்டைக்கையைச் சுருட்டவைத்து, கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான் ஷேடு.

"இவரு இன்னா பண்றாரு?" என்றார் ஒரு கடைக்காரர்.

"தெரியல சார். கைய காட்டச் சொன்னாரு, காட்டிக்கினு கீறேன்" என்றார் சேவியர்.

கடைசியில் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம், அம்மிக்கல் கனத்தில் ஒரு பழைய புரொஜெக்டர் சிக்கியது. வெளிச்சம் சுமார்தான். நிறம் மட்டும் சேவியர் கையேதான். பைக்கில் குலுங்கும் என்று, ஷேடு அதை மடியில் வைத்து, ஷேர் ஆட்டோவில் யாரும் இடிக்காமல் பார்த்துக்கொண்டே வந்தான்.

மெஸ் சுவர் பச்சை என்பதால் என் வேட்டியைத் திரையாகக் கட்டினோம். "சொட்டு நீலம் போட்டது. அண்ணன் நீலமா தெரிவாரு" என்று அதையும் கழித்தான். புதுத் துணி வாங்கி, ஷட்டரை இறக்கி, ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்த பிறகுதான் ஜெபத்தையே ஆரம்பிக்க விட்டான். ஃபாதர் வியர்த்துக் கொட்டிக்கொண்டே ஜெபித்தார்.

முதல் படம் விழுந்தது. தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி, பாதிச் சிரிப்பு. அந்தக் கறுத்த நெற்றியில் வியர்வை மின்னியது. அண்ணனேதான். அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இவருதான்பா" என்றார். "இவருதான் எங்க வூட்டுக்காரரு."

இன்னும் நிறையப் படங்கள் இருந்தன. அடுத்ததுக்குப் போக நான் பொத்தானில் விரலை வைத்தேன். ஷேடு என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"வுடுடா. அக்கா பாத்து முடிக்கட்டும்."

அந்த ஒரு படத்திலேயே வெகு நேரம் நின்றோம். அந்தக் கிறுக்கனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.