ஆயிரமாயிரம் நேயர்களே!

"வெளியே வா! என் சட்டை உள்ளே..."

"உஷ்! பதிவு ஓடிக்கிட்டிருக்குப்பா..."

"கடை திறக்கிற நேரமாச்சு, கதவைத் திறடி!"

"லிஃப்டுக்குள்ளே மூச்சு முட்டி ஒருத்தி சாகக் கிடக்கறா. உங்களுக்குச் சட்டைதான் பெரிசாப் போச்சா?"

இடுப்பில் துண்டோடு துணி அலமாரியின் முன் நின்றவர் முடிதிருத்தும் கடைக்காரர். உள்ளே, போர்வைகளுக்கு நடுவே, கைப்பேசியும் கையுமாக அவருடைய மகள். அவள் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தவள் அவள் தோழி. பள்ளிக்கூடம் முழுக்க அவளைக் கூப்பிடுவது 'சுண்டெலி' என்றுதான்.

தொலைக்காட்சியில் ஒரு துப்பறியும் தொடர் வந்துகொண்டிருந்தது. நாயகியை லிஃப்டில் அடைத்த கையோடு தொடரையே நிறுத்திவிட்டார்கள். "அவளை அப்படியே விட்டுட முடியுமா?" என்று இந்த இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். மீதிக் கதையைத் தாங்களே எழுதி, தாங்களே பேசி, இணையத்தில் ஒலிநாடகமாகப் போடத் தொடங்கினார்கள். எதிரொலி கேட்காத இடம் வீட்டில் அந்த அலமாரி ஒன்றுதானாம்.

"அன்பார்ந்த ஆயிரமாயிரம் நேயர்களே!" என்று மகள் உள்ளே முழங்கியபோது அப்பா சட்டையை மறந்துவிட்டார். ஆயிரமாயிரம் பேர் கேட்டால் இவள் எங்கே பரீட்சைக்குப் படிப்பது?

சொல்லிப் பார்த்தார், காதில் ஏறவில்லை. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். மறுநாள் கடையில் உட்கார்ந்து, 'உண்மைவிளம்பி' என்று ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு, முதல் பகுதியின் கீழே எழுதினார்: "மூச்சுத் திணறுகிறவள் மூச்சே விடாமல் பேசுகிறாள். இந்த நேரத்தில் போய்ப் படிக்கலாம்."

அதன் கீழே வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'ஒரே வரி! ஊரே வாயடைச்சுப் போச்சு' என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வீட்டில் அழுகை கேட்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கேட்டது இளைப்பு. இரண்டு பெண்களும் மாடிப்படியில் ஏறி இறங்கி, மூச்சு வாங்க வாங்க வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பகுதியை வேவு பார்க்கத்தான் கடையில் போட்டுக் கேட்டார். கத்தரி பாதியில் நின்றுவிட்டது.

"அண்ணே, ஒரு பக்கந்தான் வெட்டியிருக்கு," என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"இருங்க. லிஃப்டு கதவு திறக்குதான்னு பாத்துட்டு மறுபக்கம்."

திறக்கவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து எழுதினார்: "வில்லன் குரல் சளி பிடித்த எலி மாதிரி இருக்கிறது."

வில்லன் சுண்டெலிதான். மறுநாள் குளியலறையிலிருந்து அம்மாவின் கூச்சல்: "வாளியைக் காணோமே! நான் குளிக்கறதா, வேண்டாமா?"

வாளி அலமாரிக்குள் இருந்தது. அதற்குள் சுண்டெலியின் தலை இருந்தது. அதிலிருந்து வந்த குரலில் அம்மா நனையாமலே நடுங்கிப் போனாள்.

இத்தோடு போகவில்லை. மகள் கடைக்கே வந்து மூலையில் உட்கார ஆரம்பித்தாள்.

"இங்கே என்னடி வேலை?"

"ஆளுங்க எப்படிப் பேசறாங்கன்னு கேக்க வந்தேன்ப்பா. யாரும் ஒரு பேச்சை முழுசா முடிக்கறதே இல்லே, கவனிச்சிருக்கீங்களா? பாதியிலே விட்டுடறாங்க. அந்தப் பாதியிலேதான் விஷயமே இருக்கு."

ஏழு கழுதை வயதில் தனக்குத் தெரியாத சங்கதி இவளுக்கு எப்படித் தெரிந்தது? அவள் போனதும் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: "இந்தப் பெண்ணுக்கு அப்பா என்று ஒருவர் கிடையாதா? மகள் லிஃப்டில் கிடக்கிறாள், அந்த மனுஷன் எங்கே போனார்?"

அன்று வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்பா எங்கேன்னு உண்மைவிளம்பி ஐயா கேட்டுட்டாருப்பா. எங்ககிட்டே ஆம்பளைக் குரல் இல்லே. வாங்க!"

"நானா? எனக்கு..."

முழங்கால் முகவாயில் இடிக்க, அலமாரிக்குள் சட்டைகளுக்குக் கீழே உட்கார்த்தி வைக்கப்பட்டார். ஒரே வசனம்: "பயப்படாதேம்மா, நான் இங்கேதான் இருக்கேன்."

சொன்னார்.

"அப்பா, 'அடுத்த ஆள் வாங்க'ன்னு கூப்பிடற மாதிரி இருக்கு. அவ பிழைப்பாளான்னு உங்களுக்கு உள்ளே பதறுது. ஆனா காட்டிக்க மாட்டீங்க. நீங்க எப்பவும் பண்றதுதான்ப்பா, அதையே பண்ணுங்க."

இருட்டில் அவர் மகளைப் பார்த்தார். மறுபடி சொன்னார். "நான் இங்கேதான்..." என்பதோடு குரல் நின்றுவிட்டது. அவள் பதிவை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் அந்த மௌனத்தை ஓடவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"அன்பார்ந்த ஆயிரமாயிரம் நேயர்களே! லிஃப்டு திறந்தது. எங்களைத் திட்டித் திட்டியே கேக்கவும் எழுதவும் கத்துக்கொடுத்த உண்மைவிளம்பி ஐயாவுக்கு எங்க நன்றி. அவர் யாரோ, எங்கே இருக்காரோ, நல்லா இருக்கணும்."

அப்பா மனசுக்குள் முடிவு கட்டினார். போதும், இன்றோடு அந்தப் பெயரை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

"அந்த ஆளு இனிமே எழுதலேன்னாதான் என்னம்மா?" என்றார், முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தபடி. "ஆயிரமாயிரம் பேரு கேக்கறாங்க. ஒருத்தர் குறைஞ்சா குடியா முழுகிடும்?"

வாளியிலிருந்து தலையை வெளியே எடுத்தாள் சுண்டெலி.

"ஆயிரமாவது அங்கிள்! முதல் பகுதியை ஒரு ஈ காக்காகூடச் சீண்டலே, அழிச்சிட்டுப் பரீட்சைக்குப் படிக்கலாம்னு உட்கார்ந்தோம், அப்பத்தான் அவரு திட்டினாரு. இன்னி வரைக்கும் எங்க நாடகத்தைக் கேக்கறது அந்த ஒரே ஒரு மனுஷன்தான்."