சிவப்புப் பெட்டிக்கு இணைப்பு கொடுத்தது குற்றமா?

அன்புள்ள மருமகனுக்கு மாமா எழுதுவது.

நீ எனக்குச் செய்தது அநியாயம். இதைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். நீ நலமா? பாடுகிற தொண்டை நலமா? நானும் உன் அத்தையும் சௌக்கியம். அரங்கத்து வாசல்காரரிடம் என் புகைப்படத்தைக் கொடுத்து, "இவரை மேடைப் பக்கம் விடாதீங்க" என்று சொல்லி வைத்திருக்கிறாய். அதுவும் உன் கல்யாணப் படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்தது. தாய்மாமனுக்கு இந்த வயதில் இப்படி ஒரு மரியாதை.

நடந்ததை ஊரெல்லாம் சொல்லக் கேட்டிருப்பாய், இப்போது என் வாயால் கேள். உன் குழுவில் கிட்டார் வாசிக்கும் பெண்ணுக்கு நான் ரசிகன். உனக்கல்ல, அவளுக்கு; இதை உன் அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். லிஃப்ட் ரிப்பேரை யாரிடமும் கேட்காமல் கற்று, முப்பத்தொரு வருஷம் பார்த்தவன் நான். ஐம்பத்தெட்டு வயதில் கிட்டாரையும் அப்படியே கற்றுக்கொண்டேன். அவளுடைய கருவிகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. போன நிகழ்ச்சியன்று மூன்று மணிக்கே வந்து அனுமதி கேட்டேன். "தாராளமா பாருங்க பெரியவரே, தொட மட்டும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு டிரம்ஸ்காரர் டீ குடிக்கப் போனார், மற்றவர்களும் கூடவே போனார்கள். நான் மண்டியிட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் பட்டுப் பட்டு கிட்டாரின் கழுத்தில் வண்ணம் போயிருந்தது. ஸ்பீக்கரின் ஒரு மூலையில் பழைய துணிப்பட்டை ஒட்டியிருந்தது. கீழே பலகையில் காலால் மிதிக்கும் ஏழு பெட்டிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றையும் நோட்டில் படம் வரைந்துகொண்டேன். மனசு அப்படியே நிறைந்துவிட்டது போ.

ஏழாவது பெட்டி சிவப்பு, மேலே "அண்ணன்" என்று அவள் கையெழுத்து. அவள் உன்னை அப்படித்தானே கூப்பிடுவாள், எனக்கு உடனே விளங்கிவிட்டது. நீதானே நம் வீட்டுக்கு வந்தபோது காலை ஆட்டிக்கொண்டே சொன்னாய், "எனக்குன்னே தனியா ஒரு சிவப்புப் பெட்டி வெச்சிருக்கா மாமா, நான் கையை இறக்கினா போதும், மிதிச்சு கிட்டார் சத்தத்தைக் குறைச்சிடுவா" என்று. குனிந்து பார்க்கிறேன், அந்தப் பெட்டிக்கு ஒயர் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. திறந்தால் உள்ளே பேட்டரி செல்கூட இல்லை. என் மருமகனின் பெட்டி அநாதையாகக் கிடக்கிறது, நிகழ்ச்சிக்கோ இரண்டு மணி நேரம் இருக்கிறது. நீயே சொல், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? என் கிட்டாருக்கு வாங்கிய செல் சட்டைப்பையில் இருந்தது. மாற்று ஒயர் ஸ்பீக்கர் மேலேயே தொங்கியது. ஆறாவது பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உன் பெட்டியைச் சேர்த்துவிட்டேன். தொட்டேனா என்றால் தொட்டேன். சொந்தக்காரனுக்காகத் தொட்டேன்.

அது சத்தத்தைக் குறைக்கும் பெட்டி இல்லை, ஏற்றும் பெட்டி என்று எனக்கென்ன தெரியும்? மூன்றாவது பாட்டில் நீ வழக்கம்போலத் திரும்பிக் கையை இறக்கினாய். அவளும் வழக்கம்போல மிதித்தாள். அப்புறம் கிளம்பியதே ஒரு சத்தம், என் நாற்காலியே நகர்ந்தது! நீ கையை இன்னும் கீழே இறக்குகிறாய், அவளோ சிரிப்பை அடக்க முடியாமல் இன்னும் வேகமாக வாசிக்கிறாள், டிரம்ஸ்காரர் எழுந்து நின்றே அடிக்கிறார், கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது, எட்டு வருஷமாக இஸ்திரி கலையாமல் பாடிய நீ முதல்முறையாக வேர்க்க விறுவிறுக்க அடிவயிற்றிலிருந்து பாடினாய். உன் அத்தை ஆடினாள்பா. மூட்டுவலிக்காரி.

நிகழ்ச்சி முடிந்ததும் உண்மை வெளிவந்தது. எட்டு வருஷமாக அது இணைப்பே இல்லாத பெட்டி. நீ கையை இறக்குவாய், அவள் சும்மா மிதிப்பாள், எதுவும் மாறாது, நீயும் "ஆங், இப்ப சரி" என்று தலையாட்டுவாய். ஏமாற்றிவிட்டாள் என்று அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாய். இனி அவளோடு பாடமாட்டேன் என்கிறாயாம். அவள் போய்விட்டால் நான் யாரைக் கேட்பது? உன்னையா? உனக்கு வேண்டியது மனநிம்மதி, அதை எட்டு வருஷம் ஓசையில்லாமல் கொடுத்திருக்கிறாள். கோபப்பட என்ன இருக்கிறது?

நான் இறங்கி வருவதாக இல்லை. நீ அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு நேரில் வந்து என்னை அழைக்க வேண்டும். அதுவரை உன் நிகழ்ச்சி நடக்கும் தெருவில்கூடக் கால் வைக்கமாட்டேன்.

உன் குரல் கட்டாமல், தாளத்தை முந்தாமல், நூறு மேடை ஏற ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கோபம் குறையாத
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அந்தப் பெண் போன் செய்தாள். நீ காலையில் அவள் வீட்டுக்குப் போய், அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, கடைசியில் "சனிக்கிழமை நிகழ்ச்சியிலயும் மூணாவது பாட்டுல அதை மிதிச்சிடு" என்றாயாமே. ஆகவே மேலே உள்ளதைப் படிக்காதே. என்னை அழைக்கவும் வர வேண்டாம். சனிக்கிழமை வாசல்காரர் எனக்கு வழிவிட வேண்டியது. நான் மூன்று மணிக்கே வந்து புதுச் செல் போட வேண்டியது. உன் அத்தை மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தயாராக இருக்க வேண்டியது. நீ எப்போதும்போலக் கையை இறக்க வேண்டியது. அவள் ஏற்ற வேண்டியது.