கெம்பம்மா இன்னும் சோறு போடவில்லை

இயேசு மரி சூசை துணை

ஓசூர்,
வியாழக்கிழமை

பாசமுள்ள தம்பி மேக்ஸ்வெலுக்கு அக்கா மேரிராணி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் ரெனிட்டாவும் பிள்ளைகளும் ஆவடியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நான் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்றிலிருந்து வயிறு ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது, அதனால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள், பிழை இருந்தால் பெரிதுபடுத்தாதே. போனிலேயே சொல்லலாம்தான். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாய், நான் அழுதால் உன் பிள்ளைகள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார்கள். அதனால் எழுதி, நாளைக்குச் சென்னை பஸ் ஏறுகிற எதிர்வீட்டுச் சுரேந்தரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றாய். நான்தான் உன்னை வரச் சொன்னேன், மறக்கவில்லை. உன் மாமா போய் ஆறு மாதம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, அவர் பென்ஷன் வருகிறது, என் தையல் மெஷினும் ஓடுகிறது. கஷ்டமெல்லாம் மத்தியானம்தான். முதல் ஷிப்ட் விட்டு மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும், நிற்கும்போது புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடும், அந்தச் சத்தம் கேட்டதும் என் கால் தானாக எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடும். திறந்த பிறகுதான் ஞாபகம் வரும். வெளியே யாரும் இல்லையே என்று ஒரு பயம், ஒருநாள் நிஜமாகவே அவர் டிபன் பாக்ஸோடு வந்து நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று அதைவிடப் பெரிய பயம். அப்படி ஒரு மத்தியானம்தான் உனக்குப் போன் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று கத்தினேன்.

அதைத் தண்ணீர்க் குழாயடியில் வாய்விட்டதுதான் தப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பூவம்மாள், சேலத்துக்காரி, எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம், குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எல்லா வீட்டுலயும் கை நனைச்சுட்டுத்தான் கண்ணு போவணும்" என்றாள். உனக்கு இந்த வழக்கம் தெரியாது. எங்கள் லைனில் யாருக்கும் இது சொந்த ஊர் இல்லை, சிப்காட் வேலைக்கென்று நாலு பக்கமிருந்தும் வந்து விழுந்தவர்கள். கிளம்பும்போது வழியனுப்பச் சொந்தபந்தம் வராது. அதனால் லைனை விட்டுப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு வீடும் ஒருவேளை சோறு போடும். ஒரு வீட்டை விட்டாலும் அந்த வீட்டுக்காரர்கள் ஆயுசுக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் சாப்பிட்டு முடித்துவிட்டால் போயே தீரவேண்டும். முன்பு மணிவேல் என்று ஒருத்தர் மாற்றல் வந்ததென்று எல்லா வீட்டிலும் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டார். மறுநாளே மாற்றல் ரத்தாகிவிட்டது. வெட்கம் தாங்காமல் பெட்டி படுக்கையோடு இரண்டு தெரு தள்ளிக் குடிபோய்விட்டார். இன்றைக்கும் மளிகைக் கடைக்கு எங்கள் லைன் வழியாக வராமல் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

ஆக நானும் சாப்பிட ஆரம்பித்தேன். வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தன் பாகலூர் ரோட்டுக் கடையிலிருந்து பிரியாணி வாங்கிவந்து என் வீட்டிலேயே பிரித்து வைத்து, "நீ பாட்டுக்குச் சாப்பிடும்மா, நான் செவுத்தைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஆணி அடித்த இடமெல்லாம் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி அறையில் இருக்கிற ஒடிசாப் பையன்கள், சத்தம் போடாதீங்கடா என்று நான் தினமும் திட்டுவேனே அவர்கள்தான், கடுகெண்ணெயில் முட்டைக் குழம்பு வைத்துக் கூப்பிட்டார்கள். அந்த வாசனைக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. நான் பிரிவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர்களும் அழுதுகொண்டு இன்னும் இரண்டு முட்டை வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூவம்மாள் தட்டுவடை செட்டும் எலுமிச்சைச் சாதமும் செய்துவைத்த அதே நேரத்துக்கு, தெலுங்குக்காரி ருக்மணி புளிஹோர என்கிற புளிச்சாதமும் கொள்ளுச் சாறும் ஆக்கி வைத்துவிட்டாள். இங்கே பாதி வயிறு அங்கே பாதி வயிறு என்று திட்டம் போட்டால், பூவம்மாள் "அவ வூட்டுக்கு எடம் வெச்சுக்கினு என் வூட்ல கொறிக்கிறியா?" என்கிறாள், ருக்மணி "தினு அக்கா, தினு" என்று கையைத் தட்டிலிருந்து எடுக்கவே விடவில்லை. அப்போதுதான் ஒன்று நடந்தது. கொள்ளுச் சாற்றில் ஒரு வாய் குடித்ததும், உப்பு சரியாக இருக்கிறதே என்று தோன்றியது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக நாக்குக்கு உப்பு தெரிந்தது தம்பி. தெரிந்ததும் பயந்துபோய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அவர் இல்லாமல் எனக்கு ருசிக்கலாமா? ருக்மணி உறைப்பு அதிகம் என்று நினைத்துக்கொண்டு தயிர் ஊற்றினாள். வயிறு இழுத்துப் பிடித்ததற்கு யார் காரணம் என்று இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

இனி பாக்கி ஒரே வீடு, கெம்பம்மா வீடு. அவள் தளிப் பக்கத்துக்காரி, கன்னடம் பேசுகிறவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மாமா கல்லறைக்கு நான் போகும்போதெல்லாம் கூடவே வந்து, சிலுவைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிடுகிறாளே, அவளேதான். ஃபாதர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார், நான் குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதுபோல் இருந்துவிட்டேன். களியும் பிதுக்கம்பருப்புச் சாறும் செய்து போடுகிறேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவள் அவள்தான். அவரைக்கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை எடுத்து, அந்தப் பருப்பைச் சாறு வைப்பது. பனிக்காலம் வந்தால் நானும் அவளும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கிறவர்களைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டு பிதுக்குவோம். முதல் நாள் போனேன், சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றாள். மறுநாள் போனேன், அவரைக்காயெல்லாம் புழு என்றாள். அப்புறம் அமாவாசை என்றாள். காலண்டரைப் பார்த்தேன், அமாவாசை போய் எத்தனையோ நாள் ஆகிறது. இதற்கு நடுவில் பூவம்மாள் வந்து, நான் காலி செய்கிற வீட்டைப் பார்க்க வந்த ரெண்டு குடும்பத்திடமும் "தண்ணி வராது, கூரை ஒழுகும், பல்லி ஜாஸ்தி" என்று சொல்லி விரட்டியது கெம்பம்மாதான் என்று காதைக் கடித்தாள்.

நேற்று நேராகப் போய்க் கேட்டேவிட்டேன். "கெம்பம்மக்கா, ஞாயித்துக்கிழமை வண்டி வருது. எப்பதான் சோறு போடுவ?"

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆள் இல்ல. நீ இல்லாம யாரு பிதுக்கறது?" என்றாள்.

"எனக்குப் போடற சோத்துக்கு நானே வந்து பிதுக்கணுமா? நல்லா இருக்கே கதை."

"நானு போட மாட்டேன் மேரி. எல்லா வூட்லயும் தின்னுட்டே. நானும் போட்டா நீ போயிடுவே. போடலைன்னா எப்டி போவே, பாக்கறேன். ஹோக பேடா." போகாதே என்று அவள் பாஷையில் சொல்கிறாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு மணிக்கு நான் படற பாடு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். "தெரியாதா? எங்க ஆளு போனப்போ எனக்கு விளக்கு வைக்கற நேரம். உனக்கு மூணு மணி. அதுக்குத்தானே தினாலும் அந்நேரத்துக்குச் சக்கரை குடு, ஊசி குடுன்னு வர்றேன். எங்க வூட்ல சக்கரை இல்லன்னு நெனச்சியா?"

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நிஜம்தான் தம்பி. பஸ் வந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வருவாள். இந்தப் பொம்பளை என்ன இப்படிக் கடன் கேட்டே பிழைக்கிறாள் என்று உன் மாமா படத்தைப் பார்த்துப் புலம்பியிருக்கிறேன். அவளுக்கு ஊசி நூல் கோக்கவே கண் தெரியாது.

இதையெல்லாம் எழுதுவது உன்னை வரவேண்டாம் என்று சொல்ல இல்லை. நீ வா. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. போனமுறை உன் வீட்டு லிஃப்டில் ஏறினேன், கதவு மூடிக்கொண்டது, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் செபமாலை சொல்லிக்கொண்டு மேலேயும் கீழேயும் போய் வந்தேன், வாட்ச்மேன்தான் இறக்கிவிட்டான். உங்கள் மாடியில் எல்லாக் கதவும் மூடியே இருக்கிறது. அங்கே மூன்று மணிக்குப் பஸ் சத்தம் வராது என்று ரெனிட்டா ஆறுதல் சொன்னாள், நல்ல மனசு. ஆனால் அந்தச் சத்தமும் வராவிட்டால் அவர் எந்த வழியாக என் ஞாபகத்துக்கு வருவார்? இருக்கவும் பயம், போகவும் பயம். இந்த லைனில் சாப்பிட்டுவிட்டுப் போகாமல் இருந்தவர் மணிவேல் ஒருத்தர்தான், அவர் கதி என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன். என்னால் மளிகைக் கடைக்குச் சுற்றிக்கொண்டு போக முடியாது, முழங்கால் வலி. அதனால் கெம்பம்மா போட்டாலும் போடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பிவிடலாம். பாத்திரத்தைச் சாக்கில் கட்டிவிட்டேன். அடுப்பு ஒன்றுதான் வெளியே இருக்கிறது.

ரெனிட்டாவுக்கு என் அன்பைச் சொல். சின்னவனுக்கு இருமல் விட்டதா? பிள்ளைகள் நெற்றியில் எனக்காகச் சிலுவை அடையாளம் போட்டுவிடு. உங்கள் எல்லோரையும் தேவமாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு உன் அக்கா,
மேரிராணி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு வேறே எழுதத் தாள் இல்லை, நீயே அடித்துப் படித்துக்கொள். கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் பஸ் வந்து பெருமூச்சு விட்டது. கால் எழுந்துபோய்க் கதவைத் திறந்தது. கெம்பம்மா நின்றுகொண்டிருந்தாள். டம்ளர் இல்லை, ஊறின அவரைக்கொட்டை ஒரு குண்டான் நிறைய. உள்ளே வந்து உட்கார்ந்து பிதுக்க ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். என் அடுப்பில், என் உப்பைப் போட்டு, நான் கட்டிய சாக்கை அவிழ்த்து என் சட்டியை எடுத்துச் சாறு வைத்தாள், களி கிண்டினாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. இந்தத் தடவை தட்டைத் தள்ளவில்லை. கை கழுவும்போதுதான் திக்கென்றது, கடைசி வீட்டிலும் சாப்பிட்டாயிற்றே, இனிப் போகத்தானே வேண்டும் என்று அழுதுவிட்டேன். சத்தம் கேட்டுப் பூவம்மாள் வந்தாள், மீதிக் களியைத் தின்றுகொண்டே விசாரித்தாள், தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இது யாரு வூட்டு அடுப்பு? உன்னுது. அப்ப இவ எங்க உனக்குச் சோறு போட்டா? நீதான் இவளுக்குப் போட்டிருக்கே. ஒலை வெச்சு ஆளுக்குச் சோறு போடறவ ஊரை வுட்டுப் போறவ இல்ல. ஆனா ஒண்ணு, எங்க வூட்ல எல்லாம் தின்னது தின்னதுதான். அதைத் திருப்பிப் போட்டுடு, மணிவேலு மாதிரி ஓடாத." அப்படி ஒரு வழி இருப்பது மணிவேலுக்கு யாரும் சொல்லவில்லையாம், அவரையும் கூப்பிடச் சொல்லிவிட்டாள். கோவிந்தனிடம் வீடு காலி இல்லை என்று கெம்பம்மாவே போய்ச் சொல்லிவிட்டாள்.

அதனால் தம்பி, வண்டியை நிறுத்திவிடாதே. உன் வீட்டில் இருக்கிற பெரிய அண்டா இரண்டையும் ஜல்லிக் கரண்டியையும் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லைன் முழுக்கச் சாப்பாடு. பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன், அது நாளைக்கும் மூன்று மணிக்கு வரும். வரட்டும், கூடவே டம்ளரும் வரும். ரெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு வா. கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வரச்சொல், நான்கு படி அவரைக்கொட்டை பிதுக்க வேண்டியிருக்கிறது.