ஓட்டுநர் தூங்கிவிட்டார்

ரயில் மறுபடியும் நின்றது. திரையில் அதே வாசகம்: "ஓட்டுநர் தூங்கிவிட்டார்."

ஓட்டுநர் தூங்கவில்லை. கணினிக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் நிஜ ரயில் ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கண்ணயர்ந்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அதை இந்த விளையாட்டு, மகள் வீட்டில், மாப்பிள்ளையின் கண்ணெதிரே, பதினோராவது முறையாகக் கப்பலேற்றிவிட்டது.

மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். நின்றுபோன எந்த இயந்திரத்துக்கும் காரணம் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்று இந்த ரயில் விளையாட்டை வாங்கிவந்ததும் அவர்தான்.

அதில் மூன்று நிலைகள் உண்டு. 'சுலபம்' என்றால் ஒரே பொத்தான். அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். 'நடுத்தரம்' என்றால் பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை காத்திருக்க வேண்டும், ஏற்றத்தில் வேகம் குறையும், ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். 'முழு நிஜம்' என்றால் இவ்வளவும் போக, நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும். எட்டு விநாடிக்குள் கீபோர்டின் நீளக் கட்டையைத் தட்டி, விழித்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும். தட்டாவிட்டால் வண்டி தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். நிஜ ரயிலிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஓட்டுகிறவர் மயங்கி விழுந்தால், பின்னால் இருக்கும் ஆயிரம் பேரையும் அதுதான் காப்பாற்றும்.

"மாமா, மணி அடிச்சதும் கட்டையத் தட்டணும்."

"தட்டினேனே."

"தட்டலையே. உங்க கையத்தான் பாத்துட்டிருந்தேன்."

"மாப்பிள்ளை, மணி அடிச்சா தட்டறது எனக்கு மூச்சு விடற மாதிரி. தட்டியாச்சு."

காது மந்தமோ என்று மாப்பிள்ளைக்குச் சந்தேகம். ஸ்பீக்கரை முழுசாகத் திருகினார். இன்ஜின் இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மணி, தீயணைப்பு வண்டி வந்ததுபோல் அடித்தது. மாமனார் முகத்தில் கடமையை முடித்த நிம்மதி. எட்டு விநாடி போனது. ரயில் நின்றது.

"நடுத்தரத்துல வச்சுப் பாக்கலாமா மாமா? அதுல மணி கிடையாது."

மாமனார் மெதுவாகத் திரும்பினார். "டிரைவர் உயிரோட இருக்கானான்னு கேக்காத வண்டிய நான் எடுக்க மாட்டேன்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எங்கப்பாவ பொம்மை ரயில் ஓட்டச் சொல்றீங்களா?"

அடுத்து மாப்பிள்ளை செய்தது, எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடாத வேலை. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மணி அடிக்கும்போதெல்லாம் விரலை நீட்டி, தானே கட்டையைத் தட்டினார். ரயில் நாலு நிமிடம் ஜோராக ஓடியது.

"பாத்தீங்களா?" என்று மாமனார் பூரித்துத் திரும்பினார். கட்டையின் மேல் இருந்த விரலைப் பார்த்தார்.

"ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான், மாப்பிள்ளை."

"இல்ல மாமா, நீங்க தட்ட மறந்துட்டு..."

"மறந்தேனா?"

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "எங்கப்பா பொய் சொல்றாருங்கறீங்களா?"

"பொய்னு யாரு சொன்னா? மறதின்னுதான்..."

"அது அதைவிட மோசம்ங்க!"

மாமனார் சண்டைக்கு வரவில்லை. அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப இத்தனை வருஷமும் தட்டினதா நெனச்சுக்கிட்டேதான் ஓட்டினேனா? ஆயிரம் பேர வச்சுக்கிட்டு?"

நாற்காலியை மேஜைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசியா ஒரு தடவை பாக்கறேன். இப்பவும் நின்னுதுன்னா, நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. என்னவோ ஆயிடுச்சு எனக்கு."

ரயில் கிளம்பியது. மகளும் மாப்பிள்ளையும் அவருடைய இரண்டு கைகளையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்நேரம் பார்த்துக் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

கீழ்வீட்டு நர்ஸ். கலைந்த தலை, தூக்கம் தேங்கிய கண், கையில் கடிகாரம்.

"அண்ணே, நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து இப்பதான் படுத்தேன்."

"மன்னிச்சுக்கம்மா, ஸ்பீக்கரக் குறைச்சிடறேன்."

"ஸ்பீக்கர் கிடக்கட்டும்ணே, அதுலகூடத் தூங்கிடுவேன். என் தலைக்கு நேரா யாரோ தரையில உதைக்கிறாங்க. நாடி பாக்கற மாதிரி எண்ணிட்டேன், இதுவரைக்கும் பதினாறு."

"உதைக்கிறதா? இங்க யாரும்..."

மணி அடித்தது. தம்பதியின் நாலு கண்களும் மாமனாரின் கைகளுக்குப் போயின. கைகள் அசையவில்லை. நர்ஸ் மட்டும் தரையைப் பார்த்தாள்.

தொம்!

"இதோ!" என்றாள்.

எல்லோரும் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்கள். மாமனாரும் குனிந்தார். தன் வலது காலை, முன்பின் அறியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க இன்ஜின்ல..." என்றார் மெல்ல, "அது கால்ல மிதிக்கிற கட்டை."

எட்டு விநாடி முடிந்தது. ஓட்டுநர் தூங்கிவிட்டதாகத் திரை அறிவித்தது. நர்ஸ் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அவரு ஒழுங்காத்தாண்ணே தட்டறாரு, நீங்கதான் கீபோர்ட மேஜை மேல வச்சிருக்கீங்க, இன்னொண்ணு வாங்கி அவர் காலுக்குக் கீழ போடுங்க, அதுக்கும் கீழ ஒரு தலையணையப் போடுங்க."