‘இன்னும் தெரியாது’ என்று ஒரு வட்டம்

மதிப்பும் பிரியமும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம், இடையில் சண்டை போடுகிறோம், ஆகவே சௌக்கியம்தான். அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் இதே போல், சண்டை மட்டும் இல்லாமல், இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

இது குறை சொல்லும் கடிதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் குறை கண்டுபிடிக்கிற மாமனார் நான் இல்லை என்று சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். போனில் சொல்லலாம் என்றால் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். விஷயம், நம் கடைக் கம்ப்யூட்டரில் சிலிப்பும் ரிப்போர்ட்டும் அச்சடிக்க நீங்கள் செய்து கொடுத்த அந்தத் திரையைப் பற்றியது.

அது வருவதற்கு முன் நான் பட்ட பாட்டை மறக்கவில்லை. கண்ணை இழந்தவர்கள் நம் கடைக்கு வருவார்கள், செயற்கைக் கண்ணுக்கு நான் அளவெடுப்பேன், உங்கள் அத்தை மயிரிழைத் தூரிகையால் கருவிழி எழுதுவாள். இந்த வேலையில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. அவளுக்கு ஒரு வேலைச் சிலிப், ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு ரிப்போர்ட், இந்த இரண்டை அச்சடிக்கத்தான் உயிர் போகும். எந்தக் கட்டத்துக்குள் போனேன், எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் ஒருநாள் எதையோ அமுக்கி, வாழ்நாளில் நாம் செய்த அத்தனை கண்களும் வரிசையாக அச்சாகி, காகிதம் வாசல் வரை போனது. நீங்கள் லீவில் வந்து ஒரே ஒரு திரை செய்தீர்கள். பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல், இடது வலது என்று இரண்டு வட்டம், பார்க்க ஒரு பட்டன், அச்சிட ஒரு பட்டன், எழுத்தெல்லாம் என் பார்வைக்கேற்ற பருமனில். மகராசனாக இருங்கள். ஆனாலும் நான் வட்டத்தைத் தொட மறந்து மறந்து, எந்தக் கண் என்றே இல்லாமல் சிலிப் அடித்து, உங்கள் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். உங்களிடம் சொன்னேன். வருகிறவர்களில் முக்கால்வாசி இடதுதானே மாமா என்று கேட்டு, இடது வட்டத்தில் முன்கூட்டியே புள்ளி வைத்துவிட்டீர்கள். அச்சிடு என்று அமுக்கினால், “இடது கண். சரிதானே மாமா?” என்று மரியாதையாக ஒரு பெட்டி வந்து கேட்கும். ஆமாம் என்று அமுக்கிவிடுவேன். மாப்பிள்ளை கேட்கும்போது இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

வினை அங்கேதான் வந்தது. மழைக்காலத்துக்கு முன் ஒரு அம்மாள் வந்தார். குடையை மடித்து மூலையில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தொழில் வழக்கப்படி இடது கண்ணைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. வலதைப் பார்த்தேன், அதுவும் பார்த்தது.

“யாருக்கும்மா?”

“எனக்குத்தான்.”

“எந்தக் கண்ணு?”

“இன்னும் தெரியல.”

நான் அளவுகோலைக் கீழே வைத்தேன். அந்த அம்மாளோ பஸ் எப்போது வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார்: “எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரு கண்ணு போயிடும். அம்மாவுக்கு வலது. அண்ணனுக்கு இடது. பெரியப்பாவுக்கு எதுன்னு போட்டோவுல சரியா தெரியல. ஒண்ணு கண்டிப்பா போகும், ஒண்ணு கண்டிப்பா நிக்கும், எதுன்னு மட்டும் சொல்ல முடியாதுன்னு டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. ரெண்டும் இருக்கும்போதே நிறத்தப் பார்த்து எழுதி வச்சிடுங்க.”

குழி இல்லாமல் அளவெடுக்க முடியாது, கருவிழியை மட்டும் எழுதி வைக்கலாம் என்றேன். ஒருவரின் இரண்டு கண்ணும் ஒரே நிறம் என்று ஊர் நினைக்கும், உங்கள் அத்தை ஒப்புக்கொள்ள மாட்டாள் அல்லவா? ஆகவே, “ரெண்டுக்கும் எழுதி வச்சிடலாமேம்மா?” என்று கேட்டேன்.

அவர் குரலைத் தணித்தார். “ரெண்டுக்கும் செஞ்சு வச்சா ரெண்டும் போயிடுமோன்னு பயமா இருக்கு.”

சரி, கண்ணைக் குறிப்பிடாமல் சிலிப் அடிப்போம் என்று வட்டத்திலிருந்த புள்ளியை எடுக்கப் பார்த்தேன். இடதில் எடுத்தால் வலதில் போய் உட்காருகிறது. வலதில் எடுத்தால் இடதுக்குத் திரும்புகிறது. பழக்க தோஷத்தில் அச்சிடு என்று அமுக்கினேன். பெட்டி கேட்டது, ஆமாம் என்றேன். சிலிப் வந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

“இடதா?”

“அது சும்மாம்மா. கம்ப்யூட்டர் தானா போடுறது.”

“சரி, இருக்கட்டும்” என்றவர், உங்கள் அத்தை அவருடைய இடது கண்ணின் நிறம் பார்த்து எழுதி முடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கருவிழியைப் பஞ்சில் வைத்து இழுப்பறையில் மூடினோம்.

மழை விட்டதும் வந்தார், மாப்பிள்ளை. இடது கண் இல்லை.

கோபமாக வந்திருந்தால் காலில் விழுந்து பிழைத்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, “சிலிப் அடிச்சீங்கல்ல, அதுக்கப்புறம் சீக்கிரமே போயிடுச்சு” என்றார், ஏதோ பார்சல் வந்து சேர்ந்த மாதிரி. அளவெடுத்தேன். பொருத்தியபின் எது அவருடையது, எது நம்முடையது என்று எனக்கே ஒரு கணம் தட்டுப்படவில்லை. இரண்டும் சேர்ந்து என்னைப் பார்த்தன. “தம்பி ஒருத்தன் இருக்கான். கூட்டிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று தொடங்கியது வீட்டில் சண்டை. “பட்டன அமுக்குனது நீங்க. சிலிப்புல இருந்தத நான் எழுதினேன், அவ்வளவுதான்” என்கிறாள் உங்கள் அத்தை. “நான் எங்க அமுக்குனேன், புள்ளி வச்சது மாப்பிள்ளை” என்கிறேன். “மாப்பிள்ளைய இதுல இழுத்தீங்கன்னா பாருங்க” என்று அதற்கு ஒரு தனிச் சண்டை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பதைப் பேச்சுக்குச் சொல்வார்கள், இந்தத் திரை நிஜமாகவே செய்கிறதோ என்று தோன்றிவிட்டது. வலது கண்ணை இழந்த தச்சர் ஒருவர் வந்தார். அவருக்கு மட்டும் புள்ளியை மாற்ற மறந்தால் மிச்சமிருக்கும் இடது கண் என்ன ஆகும் என்று நினைத்து, சரிபார்த்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, மறுபடி சரிபார்த்தேன். அச்சிடும்போது ஒரு கையால் மவுஸ், மறு கையால் என்னுடைய இடது கண்ணைப் பொத்திக்கொள்கிறேன். வருகிறவர்கள் நான் தொழில்முறையில் ஏதோ பரிசோதிப்பதாக நினைத்துத் தாங்களும் பொத்திக்கொள்கிறார்கள். ராத்திரி தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அந்த அம்மாளின் சிரிப்பு வருகிறது, திறந்தால் உங்கள் அத்தை முறைக்கிறாள்.

ஆகவே, மாப்பிள்ளை, தயவுசெய்து அந்தப் புள்ளியை எடுத்துவிடுங்கள். இரண்டு வட்டத்துக்குக் கீழே ‘இன்னும் தெரியாது’ என்று மூன்றாவதாக ஒரு வட்டம் வையுங்கள். பெட்டியில் இருக்கும் ‘மாமா’வையும் எடுத்துவிட்டால் நல்லது. பொறுப்பெல்லாம் என் தலையில் விழுகிற மாதிரி இருக்கிறது. அந்தத் தம்பி வருவதற்குள் செய்தால் புண்ணியமாகப் போகும். உங்களுக்கு ஆபீசில் ஆயிரம் வேலை என்று தெரியும், ஆனாலும் இதை முதலில் பாருங்கள்.

மகளுக்கு என் அன்பு, பேத்தியின் கன்னத்துக்கு ஒரு முத்தம். நீங்கள் நீண்ட ஆயுளும் நிறைந்த பார்வையுமாய் வாழ மாமாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போதே அந்த அம்மாள் தம்பியோடு வந்துவிட்டார். இளைஞர்தான், இரண்டு கண்ணும் இருந்தன, ஆனால் நாற்காலியில் உட்காருவதற்குள் நாலு தரம் அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பயப்படாதீர்கள், எங்கள் மாப்பிள்ளை ‘இன்னும் தெரியாது’ என்று ஒரு வட்டம் வைக்கப்போகிறார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அத மட்டும் வைக்காதீங்கய்யா. இத்தனை வருஷமா அதுலதான் உட்கார்ந்திருக்கேன். காலையில எழுந்ததும் ஒண்ண மூடி ஒண்ணால பார்ப்பேன், அப்புறம் இத மூடி அதால பார்ப்பேன். அக்கா இப்ப நல்லா தூங்குறா. எதுன்னு முடிவாயிட்டா, மிச்சத்த வச்சு நிம்மதியா பார்க்கலாம்.”

என்னை எழுந்திருக்கச் சொல்லி, என் இடத்தில் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்துக்கொண்டு இரண்டு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். புள்ளியை நகர்த்தி அச்சிடு என்று அமுக்கினார். “வலது கண். சரிதானே மாமா?” என்று வந்ததை வாய்விட்டுப் படித்துச் சிரித்து, “சரிதான்” என்று தானே சொல்லிக்கொண்டார்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து, மாப்பிள்ளை. எதையும் மாற்ற வேண்டாம், ‘மாமா’வும் இருக்கட்டும். சிலிப் வெளியே வருவதற்குள் அவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். விழித்தால்தான் நிறம் பார்த்து எழுத முடியும், எழுப்பவோ யாருக்கும் மனசு வரவில்லை. உங்கள் அத்தை தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே காத்திருக்கிறாள்.