முன்னறைக்காரரை விசாரித்தறியக் கோருதல்

தன்னாமுனை,
மாசி 2010.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் இராசதுரை அவர்கட்கு,

நானும் உங்கள் அக்கா வசந்தாதேவியும் மகள் தர்சினியும் சுகம். கொழும்பில் உங்கள் சுகத்தைக் கவனிக்கும்படி மாமாங்கேஸ்வரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

விஷயம், எங்கள் முன்னறையில் குடியிருக்கும் விரிவுரையாளர் சிவதர்ஷன். தேர்தலும் ஜனநாயகமும் ஆராய்ச்சியாம், வருஷக்கணக்காக இதே வேலை. தேர்தலில் நின்றதில்லை, ஒரு நோட்டீஸ் ஒட்டியதில்லை, போன மாதம் வாக்களிக்கவும் இல்லை. அவர் வாக்கு கல்குடாவில், அன்றைக்கு எங்கள் ஊர் வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாராம். இப்படிப்பட்டவரைத் தேர்தல் பற்றிப் பேச நோர்வேக்குக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவது யார்?

வீடு வீடாகக் கேள்வித்தாளோடு போகிறார். சுனாமிக்குப் பிறகு எழுதிக்கொண்டு போனவர்கள் வலை கொண்டுவந்தார்கள். சண்டை நேரம் எழுதிக்கொண்டு போனவர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். இவர் எந்த வகை என்று தெரியாமல் சனம் இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறது. பக்கத்து வீட்டு அருமைநாயகம், தோணி உடைஞ்சுபோச்சு, மகன்மார் வெளிநாட்டில, வென்றவருக்கே வாக்களித்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். தோணி வாவியில் கட்டிக்கிடக்கிறது, மகன்மார் அதில்தான் மீனுக்குப் போகிறான்கள். இதையெல்லாம் நம்பிப் புத்தகம் எழுதிப் பேராசிரியர் ஆகப் போகிறாராம்!

என்னிடமும் கேட்டார். "உங்கட வீட்டில ஆருக்கு வோட்டுப் போடுற எண்டு தீர்மானிக்கிறது ஆர் ஐயா?" நான்தான் என்றேன். அடுப்படியில் யாரோ சிரித்தார்கள். பிறகு தாய்வழியில் நான் என்ன குடி என்று கேட்டார். குடி பார்த்து வாக்களிக்கிறார்களா என்று எல்லா வீட்டிலும் கேட்கிறாராம். சொன்னேன், எழுதிக்கொண்டார், சரி. மறுகா நேற்று பேனையுமில்லாம தாளுமில்லாம அடுப்படிக்குப் போய், "அன்ரி, நீங்க என்ன குடி?" எண்டு உங்கட அக்காட்டக் கேட்டிருக்கான் மச்சான்! மகளுக்குத் தாய்க்குடிதானே. குடி ஒண்டெண்டாக் கலியாணமில்ல, வேறெண்டாச் செய்யலாம். இது ஆராய்ச்சிக்காரனுக்கு என்னத்துக்கு? உங்கட அக்கா குடியையும் சொல்லித் தேத்தண்ணியும் குடுத்திருக்கா. புலனாய்வுக்காரனெண்டா நாங்க எல்லாரும் உள்ளுக்கு. மாப்பிள்ளையெண்டா எங்கட வழக்கப்படி வீடு தர்சினிக்கு, அவன் பெரியறையில, நான் முன்னறையில. ஒரே மகள் மச்சான். ஆரெண்டு தெரியாதவனை நம்பிக் குடுக்கப் பயமாக் கிடக்கு.

தாய்மாமன் நீங்கள் நன்றாக விசாரித்து எழுதும்வரை என் பதில் 'இல்லை' என்பதே. இதை வழியில் பிரித்துப் படிக்கும் ஐயாமாருக்கும் வணக்கம். நாங்களும் வென்றவருக்கே வாக்களித்தோம்.

உங்கள் வீட்டில் குறைவில்லாமல் நெல்லும் நிம்மதியும் நிறையட்டும்.

இப்படிக்கு,
மச்சான் அழகரத்தினம்

பி.கு.: விசாரிக்க வேண்டாம். ஒட்டுவதற்குள் தர்சினி இதைப் படித்துவிட்டாள். "தீர்மானிக்கிறது ஆரெண்டு பாப்பம் அப்பா" என்று அரிசிப் பானையை வைத்து, இந்த மாப்பிள்ளைக்கு ஓமா இல்லையா என்று எங்கள் மூன்று பேருக்கும் இரகசிய வாக்கெடுப்பு நடத்தினாள். சிவதர்ஷன் வாசலில் வெளிறிப்போய் நின்றார். தேர்தலில் நின்று பழக்கமில்லை. மூன்று சீட்டிலும் 'ஓம்'. நான் என்ன எழுதினேன் என்பதை உங்கள் அக்கா எப்படியோ கண்டுபிடித்து இன்னும் சிரிக்கிறா. இரகசிய வாக்கெடுப்பில் அது எப்படித் தெரியவந்தது? அதை மட்டும் விசாரித்து எழுதவும்.